திரும்பக் கூப்பிடாத கடை

இந்த நாற்காலியில் யாரும் இல்லை, உட்கார் அம்மிணி. அந்த ஓரத்து நாற்காலி வேண்டாம், ஏ.சி. நேராக உச்சந்தலையில் இறங்கும். டோக்கன் எத்தனை? பதினேழா? நான் பதினாறு. இப்போதுதான் ஒன்பது உள்ளே போயிருக்கிறது. ரொம்ப நல்லது. ஒரு மணி நேரம் நாம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொம்பளை படத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மார்பில் கட்டி வந்து குணமானவளாம். இப்படிப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்க வைக்கிற கட்டி எங்கே கிடைக்கிறதோ தெரியவில்லை. எனக்கு வந்தது வேறு ரகம்.

உன் ஃபைல் இன்னும் முனை மடங்காமல் இருக்கிறதே. அப்படியென்றால் ஆபரேஷன் ஆகவில்லை. சரிதானே? அடுத்த வியாழக்கிழமையா? எந்தப் பக்கம்? வலதா. எனக்கு இடது. எடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. பயப்படாதே, எடுக்கிற டாக்டர் கெட்டிக்காரர். கீழ் மாடியில் பெரிய மீசை வைத்துக்கொண்டு இருப்பாரே, அவர்தான். வலி இருக்கும், போய்விடும். என் சண்டை அவரோடு இல்லை. என் சண்டை இந்தக் கதவுக்குள்ளே இருக்கிற பொண்ணோடு.

டாக்டர் பிருந்தா. பார்த்தால் ட்யூஷனுக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கும். மார்பை எடுத்த இடத்தில் இன்னொன்றை உண்டாக்கித் தருவது அதன் வேலை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே எல்லாரையும் இங்கே அனுப்புவார்கள், என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வரச்சொல்லி. உன்னை அனுப்பியதும் அதற்குத்தான். நல்ல பொண்ணுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வியாபாரம் தெரியாது. ஒரு துளி தெரியாது. அதனால் எனக்கு ஒரு வருஷம் வீணாகப் போயிற்று.

வியாபாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் வந்து துளசிமணி என்று கேட்டுப் பார். பழைய மெஷின் துளசிமணி. மூடிப்போகிற பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின்களை மொத்தமாக வாங்கி, ரிப்பேர் பார்த்து, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு விற்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக. அதற்கு முன்னால் கைமடியாக இருந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுவதை மடித்து, நூல் வெட்டி, அடுக்கிக் கொடுக்கிற வேலை. பதினாறு வயதில் போனவள். நான் படித்த படிப்பெல்லாம் தையல் மேஜைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து படித்ததுதான். எந்த முதலாளி எப்போது பொய் சொல்கிறான், சொல்லும்போது கால் கட்டைவிரல் எப்படி மடங்குகிறது, இதெல்லாம் கீழே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அங்கே கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை உனக்குச் சொல்கிறேன். ஃபீஸ் வேண்டாம். பொருள் பிடித்துவிட்டதா, மூஞ்சி சுருங்க வேண்டும். எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு சுருங்க வேண்டும். "எனக்கெதுக்குங்க இந்த ஓட்டை உடைசல்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். நடந்தால் கூப்பிடுவான். சாதாரண ஆள் நாலாவது எட்டில் கூப்பிடுவான். விவரமான ஆள் கேட் வரைக்கும் விடுவான். அவிநாசியில் ஒருத்தன் நான் பஸ் ஏறி டிக்கெட் வாங்கிய பிறகு போன் போட்டான். ஆனால் போட்டான். கூப்பிடாதவன் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நீயும் உள்ளே போனால் ஆசைப்பட்ட மாதிரி மூஞ்சியைக் காட்டாதே. சரியா?

எங்கள் வீட்டுக்காரரும் அன்றைக்குக் கூட வந்தார். இன்றைக்கும் வந்திருக்கிறார், கீழே வண்டிக்கு நிழல் தேடிக்கொண்டிருக்கிறார். நாச்சிமுத்து என்று பேர். தங்கமான மனுஷன். ஆண்டவன் வாய் மட்டும் வைக்காமல் அனுப்பிவிட்டான். பொய் சொல்லக்கூடாது, முதலில் வாய் இருந்தது. நான் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு கம்பெனிக்கு எட்டு மெஷின் பார்க்கப் போனோம். நான் வேப்பங்காயைக் கடித்தவள் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்கிறேன். இவர் பின்னால் இருந்து, "துளசி, அருமையா இருக்குது, விட்றாதே!" என்கிறார். அன்றைக்கு அந்த முதலாளி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நான் பேசினேன், அவர் கேட்டார். அதிலிருந்து நான் பேரம் பேசுகிற இடத்தில் அவர் வாய் திறந்ததே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு மனுஷனை இப்படிப் பழக்கி எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று நினைக்கிறாய்? எனக்கு ஒரு வாரம்தான் ஆனது.

சரி, உள்ளே போனோம். அந்தப் பொண்ணு ஒரு டப்பாவைத் திறந்து வழவழவென்று ஒன்றை எடுத்து என் கையில் வைத்தது. சிலிக்கான். "அமுக்கிப் பாருங்கம்மா" என்றது. கட்டைவிரலால் அமுக்கினேன். எண்ணெய் தடவி ஊறவைத்த பரோட்டா மாவு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. உடனே மூஞ்சியைச் சுளித்தேன்.

"இது எத்தனை வருஷம் உழைக்கும்?"

"ஆயுசுக்கும் இருக்கும்னு சொல்ல முடியாதும்மா. பத்துப் பதினஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வரலாம். சில பேருக்கு அதைச் சுத்தி உள்ளே இறுகிப்போகும். உங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ரேடியேஷன் குடுக்க வேண்டியிருக்கும்னு நினைக்கிறோம். அப்படிக் குடுத்தா அந்தச் சிக்கல் இன்னும் அதிகம்."

நான் அதன் மூஞ்சியையே பார்த்தேன். விற்கிறவர்களே குறையை முதலில் சொல்லி நான் கேட்டதில்லை. குறை சொல்ல வேண்டியது நான். அது என் வேலை. என் வேலையையும் இதுவே பார்த்துவிட்டால் நான் எதற்கு இவ்வளவு தூரம் கோயமுத்தூர் வந்தேன்?

சில பேருக்கு முதலில் ஒரு காலிப் பையை உள்ளே வைத்து, வாராவாரம் உப்புத் தண்ணீர் ஏற்றித் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியவைத்து, அப்புறம்தான் இந்தச் சிலிக்கானை வைப்பார்களாம். அதையும் சொன்னது. இரண்டு ஆபரேஷன் ஆகும் என்பதையும் நான் கேட்பதற்குள் சொல்லிவிட்டது.

"வேற என்ன இருக்குது?" என்றேன், கடையில் கேட்கிற மாதிரி.

"உங்க சொந்தச் சதையிலயே பண்ணலாம். அடிவயித்துல இருந்து தோலும் கொழுப்பும் எடுத்து, நெஞ்சுல வெச்சு, ரத்தக் குழாயோட ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைப்போம். உங்க உடம்புதாங்கிறதால மாத்த வேண்டியதில்லை. நீங்க குண்டானா அதுவும் குண்டாகும், இளைச்சா இளைக்கும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

"ஏழெட்டு மணி நேரம். வயித்துல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தழும்பு இருக்கும். தேறி வர நாளாகும். ரத்த ஓட்டம் சரியா அமையாம, வெச்சது நிக்காமப் போறதும் எப்பவாவது நடக்கும்மா."

அம்மிணி, ஒரு மெஷினில் சும்மா கிடக்கிற பாகத்தைக் கழற்றி அதே மெஷினில் தேய்ந்த இடத்துக்குப் போடுவது என் பட்டறையில் தினம் நடக்கிற வேலை. கேட்ட மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷமாக இந்த வயிறு எதற்கு இவ்வளவு சேர்த்து வைத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சந்தோஷத்தில் மனசு துள்ளுகிறது. மூஞ்சியோ காய்ந்த எலுமிச்சங்காய் மாதிரி ஆகிவிட்டது. அது என் கையில் இல்லை, தானாக ஆகிவிடும்.

முதுகுச் சதையைத் திருப்பி முன்னால் கொண்டுவருவதும் உண்டாம். "ஆனா நீங்க மெஷின் தூக்கறவங்க, தோள்பட்டை பலம் கொஞ்சம் குறையலாம், யோசிக்கணும்" என்றது. கடைசியாகச் சொன்னது பார், அதுதான் உச்சம்.

"எதுவுமே வைக்காம, தட்டையா, சுத்தமாத் தைச்சு விட்டுடறதும் ஒரு வழிதாம்மா. நிறையப் பேர் அதைத்தான் விரும்பறாங்க. வெளிய போகும்போது வேணும்னா உள்ளாடைக்குள்ள வெச்சுக்கிற பேட் இருக்குது. எந்த வழியில போனாலும் ஒண்ணு சொல்லிடறேன். தொட்டா பழைய உணர்ச்சி இருக்காது. துணி போட்டா உருவம் இருக்கும். நான் உறுதியாச் சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். இப்பவே சேர்த்துப் பண்ணிக்கலாம், எல்லா வைத்தியமும் முடிஞ்ச பிறகும் பண்ணிக்கலாம். உங்களுக்கு என்ன வேணும்மா?"

கடைக்குள் நின்றுகொண்டு, ஒன்றும் வாங்காமல் போவதும் ஒரு வழிதான் என்று சொல்கிற கடைக்காரியை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? அதோடு இந்தக் கேள்வி. எவ்வளவுக்குக் கேட்கிறீர்கள் என்று என்னிடம் ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதில் சொல்லிப் பழக்கமும் இல்லை. பழக்கமான பதிலைத்தான் சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம், இந்த வயசுல. வேண்டாம்."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். அந்தப் பொண்ணு இவரைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?" என்றது. இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "அவ சொல்றதுதானுங்க" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! மனுஷன் எவ்வளவு தேறிவிட்டார்!

நடந்தேன். நாலு எட்டு. கதவு. இந்த வராந்தா முழுக்க நடந்தேன். லிஃப்ட் வந்தது, ஏறவில்லை. அதுவும் போய் இன்னொரு தடவை வந்தது, அதிலும் ஏறவில்லை. கீழே போனால் வண்டியை எடுக்கட்டுமா என்றார். "இருங்க, என்ன அவசரம்?" என்று ஒரு டீ சொன்னேன். அப்புறம் இன்னொரு டீ. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி நம்பரில் இருந்து போன் வந்தது. பார்த்தீங்களா, இறங்கி வந்துட்டாங்க என்று இவருக்கு ஜாடை காட்டிவிட்டு எடுத்தால், நர்ஸ். எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக்கூடாது, எந்தெந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொண்ணு வந்தது. தனியாக வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இப்பக்கூட மாத்திக்கலாம்மா. ரெண்டு மூணு நாள் தள்ளி வெச்சு நானும் சேர்ந்து பண்ணித் தர்றேன். சும்மா தயங்கிட்டு வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றது.

நீயே சொல், இதற்கு என்ன அர்த்தம்? கேட்டைத் தாண்டிய பிறகு பின்னாலேயே ஓடி வருகிறது என்று அர்த்தம். எதிராளி இளகிவிட்டான் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாமும் இளகினால் செத்தோம். அதுதான் பிடி விடாமல் நிற்க வேண்டிய நேரம். நின்றேன்.

"ஒரே பேச்சுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

அந்தப் பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டது. "சரிம்மா. உங்க உடம்பு, உங்க முடிவு" என்றது. போய்விட்டது.

சாயங்காலம் ஒரு ஃபாரம் கொண்டுவந்தார்கள். மறுபடி மார்பு அமைக்கும் சிகிச்சை வேண்டாம் என நோயாளி தெரிவித்தார் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போடுகிற நேரத்தில்தான் எதிராளி உடைவான். எத்தனை பேரம் பார்த்திருக்கிறேன். பேனாவை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன். து. ள. என் பேரில் இத்தனை எழுத்து இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முடித்துவிட்டுச் சுழியை வேறு இரண்டு தடவை சுழித்தேன். நர்ஸ் கொட்டாவி விட்டுக்கொண்டு ஃபாரத்தை வாங்கிப் போனாள்.

மறுநாள் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போதும் வாசலையே பார்த்தேன். ஊசி போடும்போதும் பார்த்தேன். மீசைக்காரர், "யாரைம்மா தேடறீங்க?" என்றார். "யாரையும் இல்லைங்க" என்றேன்.

முழித்துப் பார்த்தபோது கட்டு தட்டையாக இருந்தது. கூப்பிடவே இல்லை, அம்மிணி.

என்ன? வந்து கேட்டார்களே என்கிறாயா? எங்கே கேட்டது? ரூமில் ஒரு தடவை, கட்டிலில் ஒரு தடவை. அது கேட்கிற லட்சணமா? "அக்கா, போகாதீங்க, உங்களுக்காகத் தர்றேன், வந்து உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டாமா? மொட்டையாக வந்து, மாத்திக்கலாம் என்றால்? நான் ஒருத்தி எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா கூப்பிடுவது எது, கூப்பிடாதது எது என்று? நீயும் படித்த பொண்ணு, அவர்கள் பக்கமே பேசுகிறாய்.

இவரைத்தான் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே இருந்தார். இருபத்திரண்டு வருஷம் கூடவே வருகிற ஆளுக்கு, பெண்டாட்டி நிஜமாகச் சொல்கிறாளா பேரம் பேசுகிறாளா என்று தெரிய வேண்டாமா? வீட்டுக்கு வந்து கேட்டேன். "பேரம்னுதான் நினைச்சேன், அதுதான் குறுக்க பேசல" என்றார். எப்படி இருக்கிறது பதில்! ஒரு வார்த்தை பேசக்கூடாதா அந்த இடத்தில்? யார் தடுத்தது அவரை?

அப்புறம் கீமோ, முடி கொட்டினது, ரேடியேஷன், எல்லாம் ஆயிற்று. அதை விடு, உனக்கு டாக்டர்கள் சொல்வார்கள், நான் பயமுறுத்த மாட்டேன். பேட் வாங்கினேன். திருப்பூர் வெயிலுக்கு அது நெஞ்சில் இட்லிப் பானையைக் கட்டிக்கொண்ட மாதிரி. தூக்கி எறிந்துவிட்டு பனியன் வேஸ்ட் துணியை உருட்டி வைத்துக்கொண்டேன். அது நடக்க நடக்க மேலே ஏறும். ஒரு நாள் கல்யாண வீட்டில் தோள்பட்டைக்கே வந்துவிட்டது. நான் பாட்டுக்கு வாங்க வாங்க என்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. பேரம் பேசும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மார்புக்குக் கீழே இரண்டு கையும் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். என்னுடைய நிலையே அதுதான். இப்போது கட்டினால் இடது பக்கம் கை நிற்க இடம் இல்லை. வழுக்குகிறது. பங்குனி மாதம் ஈஸ்வரமூர்த்தி என்று ஒருத்தன் கம்பெனியில் ஆறு மெஷின். நான் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கையைக் கட்டினேன். வழுக்கியது. துணி உருண்டை ஒரு பக்கமாக ஒதுங்கியது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"நீங்க கேக்கற விலைக்கே எடுத்துக்குங்கக்கா. பாவம், உடம்பு முடியாம அலையறீங்க."

நான் இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை, அம்மிணி! ஒரு எட்டு வைக்கவில்லை! "யாருடா பாவம்? யாரு?" என்று கேட்டேன். கம்பெனி முழுக்கக் கேட்டிருக்கும். அவன் முதலில் சொன்ன விலையைப் பைசா குறைக்காமல் அவன் மேஜை மேல் வைத்துவிட்டு மெஷின்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒருத்தன் சொன்ன விலைக்கு நான் வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆறும் இன்னும் பட்டறையில்தான் கிடக்கின்றன, என்னைப் பார்த்துக்கொண்டு.

அதனால்தான் வந்தேன். தொழிலுக்காக. வேறு ஒன்றும் இல்லை. கை கட்ட இடம் வேண்டும், அவ்வளவுதான். அழகு கிழகு எல்லாம் இந்த வயதில் யாருக்கு வேண்டும்? அதுவும் இன்றைக்கு சும்மா விசாரிக்கத்தான் வந்திருக்கிறேன். உடனே ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கொஞ்சம் அலட்சியமாகத்தான்…

பதினாறா? கூப்பிட்டுவிட்டார்களா? இதோ இவரும் வந்துவிட்டார். நிழல் கிடைத்ததா? வாங்க. நீ இங்கேயே இரு கண்ணு, பத்து நிமிஷம்.

*

தண்ணீர் வைத்திருக்கிறாயா? கொடு.

சத்தம் வெளியே கேட்டதா? ம்ம். கேட்டிருக்கும். உட்கார், உன்னைக் கூப்பிட ஐந்து நிமிஷமாவது ஆகும், உள்ளே அந்தப் பொண்ணு போன் பேசிக்கொண்டிருக்கிறது. சொல்கிறேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தழும்பைப் பார்த்தது. ரேடியேஷன் பட்ட தோலாக இருப்பதால் சிலிக்கானைவிட வயிற்றுச் சதைதான் எனக்குத் தோதாக இருக்கும் என்றது. வயிற்றைப் பிடித்துப் பார்த்தது. "தாராளமா இருக்குதும்மா" என்றது. சர்க்கரை பார்க்க வேண்டும், ரத்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றது. அப்புறம் நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டு, போன வருஷம் கேட்ட அதே கேள்வி.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்மா?"

வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்று நினைக்கிறாய்? "எனக்கெதுக்குங்க இதெல்லாம், சும்மா விசாரிக்கலாம்னு…" என்று வருகிறது! நான் சொல்லவில்லை அம்மிணி, வாய் சொல்கிறது. மூஞ்சி தானாகச் சுளிக்கிறது. கை பையைத் தேடுகிறது. அந்தப் பொண்ணு ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தது.

அப்போது இவர் பேசினார்.

"அவளுக்கு வேணுமுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பேரத்தில் வாயைத் திறக்கிறார்! திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்குத் திருப்பூரில் லாரி நிற்கும். இவர் நிற்கவில்லை.

"குளிக்கிற ரூம்ல ஒரு கண்ணாடி இருந்ததுங்க. ஆணி ஆடுதுன்னு சொல்லிக் கழட்டி பரண்ல போட்டுட்டா. ஆணி ஆடலைங்க. நான் ஆட்டிப் பார்த்தேன். ஒரு வருஷமா பொட்டுகூட கண்ணாடி பார்க்காமத்தான் வெச்சுக்கிறா. அதனால ஒரு பக்கமா இருக்கும். நானும் சொல்றதில்லை."

அந்தக் கண்ணாடி விஷயத்தை நான் உன்னிடம் சொல்லவில்லைதான். சொல்கிற விஷயமா அது? வீட்டுக்குள் நடப்பதைக் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டிவிட்டார் மனுஷன். பேசாமல் இருந்தே பழகினவர் ஒரு தடவை பேசினால் இப்படித்தான், எதை எங்கே பேசுவது என்று தெரியாது. என்ன பார்க்கிறாய்? பொட்டு இப்போதும் கோணலா? இருக்கட்டும். விடு.

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வைத்தது. அப்பாடா, ஒரு வழியாக முடிந்தது, இவர் சொன்னதை வைத்து எழுதிவிடும், நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். அது என்ன சொன்னது தெரியுமா? "அவர் சொன்னதுக்காக நான் பண்ண முடியாதும்மா. நீங்க சொல்லணும்."

இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். கதவைப் பார்த்தேன், நாலு எட்டுதான். அந்தக் கதவைத் தாண்டினால் என்ன ஆகும் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். லிஃப்ட், டீ, இன்னொரு டீ.

"வேணும்" என்றேன்.

"என்னம்மா?"

"வேணும்னு சொன்னேனுங்க! வேணும்! வேணும்! எத்தனை தடவை சொல்றது ஒரு மனுஷி?"

அதுதான் உனக்குக் கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இவர் துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாம், ஏ.சி. ரூமில்.

சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசைப்பட்டதைக் காட்டிவிட்டால் அடுத்த நிமிஷம் எதிராளி விலையில் ஏறுவான். ஏறப்போகிறது, ஏறப்போகிறது என்று பார்த்தால், டைரியை எடுத்துப் புதன்கிழமை ஸ்கேன் என்று எழுதுகிறது. மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது. எட்டு மணி நேரம், வயிற்றில் தழும்பு, உணர்ச்சி வராது, வலதோடு சரியாகப் பொருந்த இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். அத்தனையும் குறை. நான் என் பங்குக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவரை மருந்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். வரட்டும், பேசிக்கொள்கிறேன். ஒரு வாரம் எல்லாம் வேண்டாம், ஒரு நாள் போதும்.

பதினேழு. உன்னைத்தான், எழுந்திரு. ஃபைலை எடுத்துக்கொள்.

இரு, இரு. ஒரு மணி நேரமாக என் கதையையே பேசிக்கொண்டிருக்கிறேன், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை பார். வயிறா, சிலிக்கானா?

என்ன? ஒன்றுமே வேண்டாமா? தட்டையாகவேயா?

இங்கே பார். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல். செலவுக்குப் பயந்தா? இல்லை. வீட்டில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றா? இல்லை. பின்னே? ஒரு தடவை கத்தி பட்டால் போதும், சீக்கிரம் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போக வேண்டும், அவ்வளவுதானா? இன்னொரு தடவை சொல்.

ம்ம். நான் இந்த "வேண்டாம்" என்கிற சொல்லை வைத்தே இத்தனை வருஷம் பிழைத்தவள். உன்னுடையது வேறு சரக்கு. மூஞ்சியில் ஒரு சுருக்கம் இல்லை.

அப்படியானால் நான் முதலில் சொன்ன பாடத்தை இந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போ. உள்ளே போய் இதே மூஞ்சியோடு சொல். அந்தப் பொண்ணு ஒரு தடவைக்கு மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்கும். எரிச்சல் படாதே, கண்ணு. அது அப்படித்தான் கூப்பிடும்.